மூடியைத் திறந்த பிறகு முப்பது விநாடி

மடிக்கணினியின் மூடியைத் திறக்கிறோம். மூச்சு விடுவதற்குள் திரை வந்துவிடுகிறது. நேற்றிரவு பாதியில் விட்ட வாக்கியத்தின் ஓரத்தில் கர்சர் கண்சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. மூலையில் இருக்கும் வைஃபை சின்னம் மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை. உலாவியில் வட்டம் சுற்றுகிறது. ஐந்து விநாடி, பத்து விநாடி, சில இடங்களில் அரை நிமிடம்கூட ஆகிறது. "நெட் ஸ்லோ" என்று இணைப்பு கொடுத்த நிறுவனத்தைத் திட்டுகிறோம்.

பெரும்பாலும் அது முகவரி தவறிய திட்டு. மாதம் கூடுதல் பணம் கட்டி 100 எம்பிபிஎஸ் இணைப்பை 300 ஆக்கினாலும் இந்த அரை நிமிடம் குறையாது. அந்த நேரத்தில் கணினி எதையும் மெதுவாகச் செய்துகொண்டிருக்கவில்லை. யாரிடமோ ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வராததால், மறுபடி கேட்கும் நேரம் வரட்டும் என்று சும்மா காத்திருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பொறியாளர்கள் உட்கார்ந்து எழுதிவைத்துவிட்டார்கள். ஒரு காத்திருப்புக்கு நான்கு விநாடி, இன்னொன்றுக்கு ஐந்து, வேறொன்றுக்குப் பதினைந்து. ஆகவே எத்தனை விநாடி தாமதம் என்று எண்ணிப் பார்த்தாலே கோளாறு எங்கே என்பது பாதி தெரிந்துவிடும். நாடி பிடித்துப் பார்ப்பது போலத்தான்.

முதலில் தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். கணினித் தூக்கத்துக்கு இலக்கணம் வகுக்கப்பட்டது 1996 டிசம்பரில். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற தரத்தை வெளியிட்டன. விழித்திருக்கும் நிலை எஸ்0, முழுக்க அணைந்த நிலை எஸ்5, நடுவில் பல படிகள். தூக்கம் என்று நாம் வழக்கமாகச் சொல்வது எஸ்3. அப்போது செயலி, வட்டு, திரை எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும்; ரேமுக்கும், கணினியை எழுப்ப வேண்டிய ஓரிரு பாகங்களுக்கும் மட்டும் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கும். ரேம் ஓர் ஓட்டைக் குடம். அதன் ஒவ்வொரு அறையிலும் உள்ள மின்னேற்றம் கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லிவிநாடிக்கு ஒரு முறையாவது எல்லாவற்றையும் நிரப்பியாக வேண்டும். கணினி தூங்கும்போது ரேம் சில்லுகள் இந்த வேலையைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. பாதி வாக்கியம் அப்படியே காத்திருப்பது இதனால்தான்.

வைஃபை அட்டைக்கு அந்தச் சலுகை இல்லை. அது சொந்தச் செயலியும் சொந்த நினைவகமும் உள்ள ஒரு குட்டிக் கணினி. பல அட்டைகளில் அதை இயக்கும் நிரல் அட்டைக்குள் நிரந்தரமாக இருப்பதில்லை. மின்சாரம் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும், டிரைவர் மென்பொருள் அதைக் கணினியின் வட்டிலிருந்து எடுத்து ஊட்டிவிட வேண்டும். டிரைவர் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் இது சட்டென்று முடிந்துவிடும். இல்லையென்றால் அட்டை பதில் சொல்லாது. டிரைவர் அதை ஒரு முறை தட்டி எழுப்பும், மறுபடி ஊட்டும். வைஃபை சின்னமே சிறிது நேரம் காணாமல் போய்த் திரும்பி வந்தால் உங்கள் நோய் இதுதான். மடிக்கணினி தயாரித்தவரின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிப் போடுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குள் போய், வைஃபை அட்டையின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியில் உள்ள டிக்கை எடுத்துப் பாருங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்தப் பக்கமே இருக்காது. அவை எஸ்3-க்குப் போவதில்லை. மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற பெயரில், கைப்பேசி மாதிரி அரைக்கண் மூடிக் கிடக்கின்றன. பைக்குள் வைத்த கணினி சூடாக இருப்பதைக் கண்டு திடுக்கிட்டவர்களுக்கு இந்த அரைத்தூக்கம் ஏற்கெனவே அறிமுகம்.

கணினி எழுந்தாயிற்று. எதிர்முனையில் ரவுட்டர் இருக்கிறது. கணினி தூங்கப் போகும்போது அதனிடம் சொல்லிக்கொண்டும் போகலாம், சொல்லாமலும் போகலாம். சொல்லாமல் போனால் "ஆள் உள்ளேதான் இருக்கிறார்" என்று ரவுட்டர் நம்பிக்கொண்டிருக்கும். லினக்ஸ் அடிப்படையில் அமைந்த கருவிகளில் பரவலாக உள்ள ஹோஸ்ட்ஏபிடி மென்பொருளில் இந்த நம்பிக்கையின் ஆயுள், யாரும் மாற்றாதவரை, 300 விநாடி. அதன் பிறகும் சத்தம் இல்லையென்றால்தான் ஆளைத் தேடும், பட்டியலிலிருந்து பெயரை அடிக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நீங்கள் மூடியைச் சாத்தி இரண்டே நிமிடத்தில் திறக்கிறீர்கள். தூக்கத்தில் பழைய ரகசியச் சாவிகளை மறந்துவிட்ட கணினி, புதிய ஆள் போல வந்து கதவைத் தட்டுகிறது. ரவுட்டரின் கணக்கிலோ அதே பெயரில் ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். வெளியே நிற்பது போலியாக இருந்தால்? 2009இல் வந்த 802.11டபிள்யூ என்ற பாதுகாப்பு ஏற்பாட்டை இயக்கியிருக்கும் ரவுட்டர், வந்தவரை "சற்றுப் பொறுத்து வா" என்று நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பதாக நம்பும் ஆளிடம் "நீ இருக்கிறாயா?" என்று விசாரிக்கும். உள்ளே யார் இருக்கிறார்கள் பதில் சொல்ல? ஏறக்குறைய ஒரு விநாடி காத்திருந்துவிட்டு, பழைய பெயரை நீக்கி, புதியவரை விடும். வெளியே இருந்தவரும் உள்ளே இருந்தவரும் ஒருவரே என்பது அதற்குக் கடைசிவரை தெரியாது. ஒரு விநாடிதான். பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை என்று விட்டுவிடலாம்.

ரவுட்டரைக் கண்டுபிடிக்கவும் நேரம் பிடிக்கும். ஒவ்வொரு வைஃபை ரவுட்டரும், வழக்கமான அமைப்பில், 102.4 மில்லிவிநாடிக்கு ஒரு முறை, அதாவது விநாடிக்கு ஏறக்குறைய பத்து முறை, தன் பெயரைச் சொல்லித் தண்டோரா போடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நம் நாட்டில் 13 தடங்கள். அங்கே கணினி தண்டோராவுக்காகக் காத்திருக்காமல், ஒவ்வொரு தடத்திலும் "யார் இருக்கிறீர்கள்?" என்று கூவிவிட்டு, சில பத்து மில்லிவிநாடி காது கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸில் எல்லாத் தடங்களிலும் அப்படி முடியாது. அந்தப் பட்டையின் நடுப்பகுதியில் பல நாடுகளில் ரேடார்களுக்குத்தான் முன்னுரிமை. வைஃபை அங்கே ஒண்டுக்குடித்தனம். ரேடார் சத்தம் இல்லை என்று உறுதியாகும்வரை கணினி வாயைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு தடத்திலும் தண்டோரா விழும்வரை அமைதியாக நிற்க வேண்டும். அப்படிப்பட்ட தடங்கள் பதினைந்து, பதினாறு என்றால் ஒரு சுற்றுக்கே ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகிவிடும். ரவுட்டருக்கு விதி இன்னும் கடுமை. மின்தடைக்குப் பிறகு அது அந்தத் தடங்களில் ஒன்றைப் பிடிக்க வேண்டுமானால், ஒரு முழு நிமிடம் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் முதல் தண்டோராவே போடலாம். ஐரோப்பாவில் வானிலை ரேடார் இயங்கும் தடங்களில் இது பத்து நிமிடம். கரண்ட் போய் வந்தபின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் ஒரு நிமிடம் பிந்தி வருகிறதா? ரவுட்டர் கெட்டுப்போகவில்லை, ரேடாருக்கு மரியாதை செய்துகொண்டிருக்கிறது. ரவுட்டர் அமைப்பில் தடத்தை 36 என்று மாற்றினால் இந்தக் காத்திருப்பு போய்விடும்.

பாதுகாப்பு என்று எண்ணி வைஃபை பெயரை மறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: அது எந்தத் திருடனையும் தடுக்காது. உங்கள் கணினி அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் ரவுட்டரைத் தேட வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் ஒட்டுக் கேட்கலாம். மிஞ்சுவது தாமதம் மட்டுமே.

ரவுட்டர் கிடைத்ததும் இருவரும் நான்கு செய்திகளைப் பரிமாறிச் சாவிகளைப் புதுப்பித்துக்கொள்கிறார்கள். இது மில்லிவிநாடிக் கணக்கு. கடவுச்சொல் சரியாக இருந்தால் இங்கே தகராறு வருவது அரிது. வைஃபை சின்னம் முழுக்க ஒளிர்கிறது. நம்மில் பலர் இத்துடன் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

கணினிக்கு இன்னும் ஐபி முகவரி கிடைக்கவில்லை. அதைத் தரும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். இப்போதும் புழக்கத்தில் உள்ள அதன் விதிநூலை ரால்ஃப் ட்ரோம்ஸ் 1997 மார்ச்சில் எழுதினார், ஆர்எஃப்சி 2131 என்பது அதன் எண். நடப்பது வாடகை வீடு தேடும் பேச்சுதான். "யாராவது முகவரி தருவீர்களா?" என்று கணினி தெருவுக்கே கேட்கும்படி கத்தும். "192.168.1.7 காலியாக இருக்கிறது, வேண்டுமா?" என்பார் ரவுட்டர். "அதையே தாருங்கள்." "சரி, 24 மணி நேரத்துக்கு உனக்கு." இந்தக் குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கணினி மறுபடி கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும்.

தூக்கம் கலைந்து எழும் கணினிக்கு முழுப் பேச்சும் தேவையில்லை. குத்தகை இன்னும் முடியவில்லை என்றால், "நான் 192.168.1.7. இன்னும் அங்கேயே இருக்கலாமா?" என்று ஒரே கேள்வி. ரவுட்டரின் பேரேட்டில் அது பதிவாகியிருந்தால் "இரு" என்ற பதில் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். பேரேட்டில் அந்தப் பெயரே இல்லாவிட்டால்? நம்மில் யாரும் "இல்லை, புதிதாகக் கேள்" என்று பதில் சொல்வோம். விதிநூல் அப்படிச் சொல்லவில்லை. தனக்குத் தெரியாத ஆள் கேட்டால் வாயே திறக்கக் கூடாது என்கிறது. காரணம் இருக்கிறது. ஒரே வலையில் முகவரி கொடுக்கும் வேறொருவரும் இருக்கலாம், அவருடைய பேரேட்டில் இந்த ஆள் இருக்கலாம். உனக்குத் தெரியாத விஷயத்தில் நீ மூக்கை நுழைக்காதே என்பதுதான் அதன் பொருள். பெரிய அலுவலகத்துக்கு இது நல்ல நாகரிகம். ஒற்றை ரவுட்டர் உள்ள வீட்டில், கேட்டவர் கேட்டபடி நிற்க வேண்டியதாகிவிடுகிறது.

வீட்டு ரவுட்டரின் பேரேட்டிலிருந்து பெயர் எப்படி அழியும்? மின்தடையால்தான். பல வீட்டு ரவுட்டர்கள் குத்தகைப் பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில்தான் எழுதிவைக்கின்றன. இரவில் ஐந்து நிமிடம் கரண்ட் போய் வருகிறது. ரவுட்டர் எல்லாவற்றையும் மறந்து எழுகிறது. பேட்டரியில் தூங்கிக்கொண்டிருக்கும் மடிக்கணினிக்கு எதுவும் தெரியாது. காலையில் எழுந்து பழைய உரிமையோடு கேட்கிறது, எதிர்ப்பக்கம் மௌனம்.

மௌனத்தை எவ்வளவு நேரம் பொறுப்பது? அதற்கும் விதிநூலில் கணக்கு உண்டு. முதலில் 4 விநாடி, அடுத்து 8, பிறகு 16, பிறகு 32. ஒவ்வொன்றிலும் ஒரு விநாடி முன்பின்னாகக் குலுக்கல் முறையில் கூட்டிக் குறைக்க வேண்டும். இரட்டிப்பாக்குவது ஏன், குலுக்குவது ஏன்? ஒரு கட்டடத்தில் மின்சாரம் திரும்பும் அந்த நொடியில் இருநூறு கணினிகள் ஒரே குரலில் முகவரி கேட்பதை நினைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே இடைவெளியில் மறுபடி மறுபடி கத்தினால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. ஒதுங்கி, சிதறி, பொறுமையைக் கூட்டிக்கொண்டே போனால் கூட்டம் தானாகக் கரையும். கூட்டத்துக்காக வகுத்த இந்தப் பொறுமையைத்தான் வீட்டில் ஒற்றைக் கணினியும் கடைப்பிடிக்கிறது.

நான்கும் எட்டும் சேர்ந்தால் பன்னிரண்டு. அத்துடன் பழைய உரிமையை விட்டுவிட்டுப் புதிய ஆளாகக் கேட்டால் பதில் வந்துவிடும். மூடியைத் திறந்து சரியாகப் பத்துப் பன்னிரண்டு விநாடிக்குப் பிறகு, ஏதோ திடீரென்று திறந்துகொண்டது போல இணையம் வந்தால், சந்தேகத்தை டிஎச்சிபி மேல் வையுங்கள். கடைசிவரை யாரும் பதில் சொல்லாவிட்டால் கணினி தனக்குத்தானே 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைச் சூட்டிக்கொள்ளும். இணைப்பு விவரத்தில் அந்த எண்ணைக் கண்டால், "முகவரி தர ஆளில்லை" என்று எழுதியிருப்பதாகவே படியுங்கள்.

மருந்து எளிது. ரவுட்டர் அமைப்புப் பக்கத்தில் உங்கள் கணினிக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது. அது அமைப்போடு சேர்த்துச் சேமிக்கப்படுவதால் கரண்ட் போனாலும் மறக்காது. சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள் பல ரவுட்டர்களுக்குள் ஓடுகிறது. அதில் "இந்த வலைக்கு நான் ஒருவன்தான் பொறுப்பு" என்று அறிவிக்கும் ஒரு விருப்பம் உண்டு. அதை இயக்கினால் விதிநூலின் மௌனத்தைக் கைவிட்டு, தெரியாதவர்களுக்கும் உடனே பதில் சொல்லும். நாள்தோறும் தன் வன்பொருள் முகவரியை மாற்றிக்கொள்ளும்படி கணினியை அமைத்திருக்கிறீர்களா? அப்படியானால் தினமும் நீங்கள் புதிய குடித்தனக்காரர்தான். வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை நிறுத்திவிடலாம்.

முகவரி கிடைத்த பிறகும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும்: அதே எண்ணை வேறு யாராவது வைத்திருந்தால்? ஸ்டூவர்ட் செஷையர் 2008இல் எழுதிய ஆர்எஃப்சி 5227, மூன்று முறை கேட்டு, ஒவ்வொரு முறைக்கும் பொறுத்திருந்து உறுதி செய்யச் சொல்கிறது. அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் 4 முதல் 7 விநாடி கரைந்துவிடும். இதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2006இல், இதே செஷையர் வேறு இருவரோடு சேர்ந்து ஆர்எஃப்சி 4436 என்ற குறுக்குவழியையும் எழுதியிருக்கிறார் என்பதுதான் சுவை. எழுந்தவுடன் கணினி டிஎச்சிபியிடம் போகும்போதே, தனக்கு நினைவிருக்கும் பழைய ரவுட்டரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கலாம். அதே ரவுட்டர் அதே வன்பொருள் முகவரியோடு "ஓய்" என்று குரல் கொடுத்தால் நாம் பழைய வீட்டிலேயே இருக்கிறோம், குத்தகையும் முடியவில்லை, உடனே வேலையைத் தொடங்கலாம். செஷையர் ஆப்பிளில் பணியாற்றியவர். ஆப்பிள் கணினிகள் சட்டென்று இணைந்துகொள்வதாகப் பலர் சொல்வதில் இந்தக் குறுக்குவழிக்கும் பங்கு உண்டு.

இனி கம்பி இணைப்பு. கேபிள் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

தணிக்கையாளர் நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் பத்துப் பதினைந்து மேசைக் கணினிகள், எல்லாம் கேபிளில். சாப்பிட்டுவிட்டு வந்து விசைப்பலகையைத் தொட்டால் திரை வந்துவிடும். சர்வரில் உள்ள கணக்குக் கோப்பு மட்டும் திறக்க ஒரு நிமிடம் ஆகும். பராமரிப்புக்கு வரும் பையன் அலுத்துப்போயிருந்தான். "சார், கேபிள் மாத்திப் பாத்தாச்சு, விண்டோஸையும் புதுசா போட்டாச்சு. மறுபடி அதேதான் வருது சார்." அதற்கு முன்புதான், எல்லாக் கணினிகளின் கேபிளும் வந்து சேரும் பழைய ஸ்விட்சை எடுத்துவிட்டு விலை அதிகமான ஒன்றைப் போட்டிருந்தார்கள். கோளாறு தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

மலிவான ஸ்விட்சில் இல்லாத ஒரு புத்திசாலித்தனம் விலையுயர்ந்த ஸ்விட்சில் இருந்தது. ஸ்பேனிங் ட்ரீ என்று அதற்குப் பெயர். ஒரு கேபிளின் இரு முனைகளையும் யாராவது கவனக்குறைவாக ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டால் என்ன ஆகும்? எல்லோருக்குமான செய்தி ஒன்று வந்தால் அது ஒரு வழியாகப் போய் மறுவழியாகத் திரும்பி, பெருகிப் பெருகிச் சுற்றும். அந்தச் செய்திக்கு ஆயுள் வரம்பு கிடையாது. சில நொடிகளில் மொத்த வலையும் மூச்சு முட்டி நின்றுவிடும். இதைத் தடுக்கும் வழியை டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் இருந்த ராடியா பெர்ல்மன் 1985இல் கண்டுபிடித்தார். தன் கண்டுபிடிப்பைச் சுருக்கமாகச் சொல்லும் கவிதை ஒன்றையும் எழுதி ஆய்வுக் கட்டுரையோடு சேர்த்துவிட்டார். பொறியியல் கட்டுரைகளில் அது அபூர்வம். ஸ்விட்சுகள் தமக்குள் பேசி, சுழல் இல்லாத ஒரு மரமாக வலையை அமைத்துக்கொள்கின்றன. அதன்படி, கேபிள் செருகும் எந்தத் துளையில் புதிதாக உயிர் வந்தாலும் ஸ்விட்ச் அதை உடனே நம்பாது. பதினைந்து விநாடி கேட்கும். இன்னொரு பதினைந்து விநாடி அந்தப் பக்கம் யார் யார் என்று கற்றுக்கொள்ளும். முப்பது விநாடிக்குப் பிறகே வழி திறக்கும்.

கணினி தூங்கினால் துளையில் ஏன் புதிதாக உயிர் வர வேண்டும்? கம்பி அட்டை தூக்கத்திலும் ஒரு காதைத் திறந்து வைத்திருக்கிறது, தூரத்திலிருந்து யாராவது எழுப்பினால் எழ வேண்டுமே என்று. அந்த எழுப்பும் செய்திக்கு மேஜிக் பாக்கெட் என்று பெயர்: எல்லா பிட்டுகளும் 1 ஆன ஆறு பைட்டுகள், பிறகு அட்டையின் வன்பொருள் முகவரி பதினாறு முறை, மொத்தம் 102 பைட்டு. அதை மட்டும் கேட்பதற்கு 1000 எம்பிபிஎஸ் வேகம் எதற்கு? மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பல அட்டைகள் 10 அல்லது 100க்கு இறங்கிவிடும். எழுந்ததும் பழைய வேகத்துக்கு ஏற வேண்டும். ஏறுவதற்கு இணைப்பை ஒரு கணம் விட்டுப் பிடிக்க வேண்டும். ஸ்விட்சின் கண்ணுக்கு அது புதிதாக ஒரு கேபிள் செருகப்பட்டது போலத்தான் தெரியும். கேட்கிறேன், கற்கிறேன் என்று அது ஆரம்பித்துவிடும்.

முப்பது விநாடி சரி. நண்பரின் அலுவலகத்தில் ஒரு நிமிடம் ஆனது ஏன்? மறுபடி டிஎச்சிபியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணினி எழுந்ததும் ஒரு முறை கேட்கும். பிறகு 4 விநாடியில், பிறகு 12இல், பிறகு 28இல். நான்கு கேள்விகளையும் மூடிய துளை விழுங்கிவிடும். கடைசிக் கேள்வி போன இரண்டாவது விநாடியில் துளை திறக்கும்! ஆனால் கணினி அடுத்த 32 விநாடிப் பொறுமையில் உட்கார்ந்துவிட்டது. அறுபதாவது விநாடிக்கு முன் அது மறுபடி வாயைத் திறக்காது. இரண்டு குழுக்கள், தனித்தனியாக, நியாயமான காரணங்களோடு எழுதிய இரண்டு எண்கள். இரண்டும் சேர்ந்தபோது அரை நிமிடம் ஒரு நிமிடமாகிவிட்டது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த கோளாறு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஸ்விட்சின் அமைப்பில், கணினி மட்டுமே செருகப்படும் துளைகளை "இது ஓரத் துளை, இங்கே சுழல் வராது" என்று குறித்துவிட்டால் போதும். சிஸ்கோ இதைப் போர்ட்ஃபாஸ்ட் என்கிறது, மற்றவர்கள் எட்ஜ் போர்ட் என்பார்கள். 2001இல் விரைவான ஸ்பேனிங் ட்ரீ வந்துவிட்டது என்றாலும், குறிக்காத துளையில் கணினியைச் செருகினால் அதிலும் இதே காத்திருப்பு நேரலாம். பையனுக்கு இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. ஒரு துளையில் மட்டும் மாற்றிப் பார்த்தான். பிறகு எல்லாத் துளைகளிலும் மாற்றிவிட்டுப் போனான்.

முகவரி வந்து, வழியும் திறந்த பிறகு வருவது பெயர்ப் பிரச்சினை. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முறையை 1983இல் வகுத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். லினக்ஸ் கணினியில் ஒரு பெயர் சேவையகம் பதில் சொல்லாவிட்டால், வழக்கமான அமைப்பில், 5 விநாடி பொறுத்துவிட்டுத்தான் அடுத்ததிடம் போகும். அலுவலக விபிஎன் போட்டுவிட்டு மூடியைச் சாத்தியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். காலையில் விபிஎன் அறுந்திருக்கும், ஆனால் அதன் பெயர் சேவையகம் பட்டியலில் முதலிடத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு புதிய தளமும் ஐந்தைந்து விநாடி திணறித் திறந்தால் விபிஎன்னை முழுக்க வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

கடைசியாக, புதிய தாவலில் எல்லாத் தளமும் திறக்கிறது, நேற்றிலிருந்து திறந்து கிடக்கும் மென்பொருள் மட்டும் உறைந்து நிற்கிறது என்றால் அது இறந்த இணைப்பு. தூங்கிய நேரத்தில் ரவுட்டரும் தூரத்து சர்வரும் அந்த இணைப்பை மறந்துவிட்டன. நம் கணினி மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. செய்தி அனுப்பும், பதில் வராது, இடைவெளியை இரட்டிப்பாக்கி மறுபடி அனுப்பும். லினக்ஸில் வழக்கமாகப் பதினைந்து முறை முயன்று, ஏறக்குறைய 924 விநாடி, அதாவது கால் மணி நேரம் கழித்துத்தான் கைவிடும். அவ்வளவு நேரம் அதோடு சேர்ந்து நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த மென்பொருளை மூடித் திறந்தால் தீர்ந்தது.

விண்டோஸின் மூலையில் தோன்றும் "இணையம் இல்லை" என்ற எச்சரிக்கையையும் அப்படியே நம்ப வேண்டாம். மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரியிலிருந்து 22 எழுத்துள்ள ஒரு சின்ன உரைக்கோப்பை எடுக்க முயல்வதுதான் அதன் சோதனை. அது வந்தால் இணையம் உண்டு, வராவிட்டால் இல்லை. விபிஎன்னோ தீச்சுவரோ அந்த ஒரு கோப்பை மறித்தாலும் சின்னம் பொய் சொல்லும்.

நாடி பார்க்கக் கருவி உங்கள் கணினியிலேயே இருக்கிறது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், வலையில் ஏதோ விசித்திரக் கோளாறைக் கண்டு, ஒரே மாலையில் எழுதிய பிங் என்ற நிரல் அது. நீர்மூழ்கிகளின் சோனார் ஒலிதான் பெயருக்குக் காரணம். கட்டளைச் சாளரங்கள் மூன்றைத் திறந்து, விடாமல் ஓடும்படி பிங்கைப் போடுங்கள்: ஒன்று உங்கள் ரவுட்டரின் எண்ணுக்கு, பல வீடுகளில் அது 192.168.1.1, ஒன்று கூகுளின் 8.8.8.8க்கு, ஒன்று ஏதேனும் தளத்தின் பெயருக்கு. மூன்றையும் ஓடவிட்டே கணினியைத் தூங்கவைத்து, பத்து நிமிடம் கழித்து எழுப்புங்கள். ரவுட்டரே பதில் சொல்லத் தாமதமானால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் உடனே சொல்லி 8.8.8.8 தாமதமானால் ரவுட்டருக்கு அப்பால். தளத்தின் பெயருக்குப் போட்ட பிங்கை மட்டும் நிறுத்திப் புதிதாகப் போடுங்கள்; எண்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க அது மட்டும் திணறினால் டிஎன்எஸ்.

அடுத்த முறை சேவை மையத்துக்குப் போன் செய்தால் "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள். மறுமுனையில் இருப்பவர் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார், பேரேடு மறுபடி அழியும். "தூக்கத்திலிருந்து எழுந்ததும் ரவுட்டருக்கு பிங் போக பன்னிரண்டு விநாடி ஆகிறது, அதற்குப் பிறகு எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள்.